அம்மனுக்கும் பல் டாக்டருக்கும் ஒரே குடில்

தணிகாசலத்தின் மதிப்பு, ஐந்துக்கு 4.91.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்த கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். அங்கே யாரும் அவரைப் புள்ளி வைத்து மதித்ததில்லை. "ஏய் தணி" என்று கூப்பிட்டால் போவார், அவ்வளவுதான். கம்பெனி ஒருநாள் குஜராத்துக்குப் போய்விட்டது, தணிகாசலம் போகவில்லை. இப்போது ஐம்பத்து மூன்று வயதில், வைத்திக்குப்பத்தில் கடலுக்கு ஒரு தெரு தள்ளி நிற்கும் ஒற்றைக் குடிலை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்கிறார். தங்கிப் போகிறவர்கள் செல்போனில் நட்சத்திரம் போடுகிறார்கள். அதன் சராசரிதான் அந்த 4.91. நெல்லித்தோப்பு வீட்டில் தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பார், சிலர் சர்க்கரை அளவைப் பார்ப்பதுபோல.

"இன்னிக்கு எவ்ளோ?" என்பார் மனைவி பாக்கியலட்சுமி.

"அதேதான்."

"அப்போ காப்பி குடிக்கலாம்."

குடில் அவருடையதல்ல. சொந்தக்காரர் ரோஜே, பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சில் கடலோர ஊர் ஒன்றில் குடும்பத்தோடு இருக்கிறார். அந்த ஊரில் சாதாரண ஆட்கள்கூடக் கடற்கரைப் பக்கம் ஒரு பலகை அறை கட்டிப் போட்டிருப்பார்களாம். கோடையில் கொஞ்ச நாள் தாங்கள் தங்குவது, மிச்ச நாளுக்கு வாடகைக்கு விடுவது. அதைப் பார்த்துவிட்டு வந்த ரோஜே, அம்மா வழியில் வந்த மனையில் அதேபோல ஒன்றைக் கட்டினார். பலகைச் சுவர், பலகைத் தரை, கீற்றுக் கூரை, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு மண்பானை, முன்னால் ஒரு தாழ்வாரம். டிவி கிடையாது, ஏசி கிடையாது. ரோஜே அதைக் 'கபான்' என்றார். செல்போனில் 'குடில்' என்று போட்டார்கள். தெருக்காரர்கள் 'பிரான்சுக்காரர் கொட்டா' என்றார்கள்.

"ஏசிகூட இல்லாததுக்கா சார் வாடகை குடுப்பாங்க?" என்று தணிகாசலம் ஆரம்பத்தில் கேட்டார்.

"முசியே தணி," என்றார் ரோஜே, "ஒண்ணும் இல்லாததுக்குத்தான் குடுப்பாங்க. எல்லாம் இருக்கற எடம் அவங்க வீட்லயே இருக்குதே."

அவர் சொன்னபடியே நடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்து, ஒன்றும் இல்லாததைப் பார்த்து "வாவ்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனதும் அதில் ஒருவர், ஒன்றும் இல்லை என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தார். இன்னொருவர் விடியற்காலையில் காகம் கத்தியதற்கு மூன்று போட்டார். தணிகாசலம் அன்று முழுக்க சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

"காக்காவுக்கு நான் இன்னா பண்ண முடியும் பாக்யம்?"

"கிட்ட போய் எடுத்துச் சொல்லுங்க. நீ இப்பிடிக் கத்தினா எங்க பொழப்பு போயிடும்னு."

பிழைப்பு போகும் என்பது வெறும் கேலி அல்ல. டவுனில் பல வீடுகளை மொத்தமாக எடுத்து நடத்தும் ஏஜென்சி ஒன்று ரோஜேவை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. ரோஜே கறாரான ஆள், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சொல்லியும் விட்டார்: "மதிப்பு நாலு புள்ளி எட்டுக்குக் கீழ போச்சுன்னா ஏஜென்சிகிட்ட குடுத்துடுவேன், முசியே. கோவிச்சுக்காதீங்க." தங்கினவர்கள் இன்னும் நிறையப் பேர் ஆகவில்லை. ஒரே ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டால் போதும், கதை முடிந்தது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தணிகாசலத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும்.

அவருடைய ஊர் ஊசுட்டேரிக்கு அந்தப் பக்கம். அண்ணன் தம்பிகளுக்குள் பங்கு போட்டு அவருக்கு வந்த நிலத்தில் ஒரு டிராக்டரைத் திருப்பக்கூட முடியாது. ஊர்க் கோவிலில் பச்சைவாழியம்மனுக்கு எது நடந்தாலும் முதல் மரியாதை பெரிய வீட்டுக்காரர்களுக்கே போகும். பட்டுத்துணியைத் தலையில் கட்டி, மாலை போட்டு, கற்பூரத் தட்டை முதலில் அவர்களிடம்தான் நீட்டுவார்கள். தட்டு தணிகாசலத்திடம் வரும்போது கற்பூரம் அணைந்திருக்கும். சூடு மட்டும் இருக்கும், அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

மாசி மகத்துக்கு அந்த ஊர் அம்மனும் மற்ற ஊர் சாமிகளோடு வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். வண்டிகளை சீக்கிரமே உள்ளே விட்டுவிடுவதால், முறை வரும்வரை அம்மன் வெயிலில் நின்றாக வேண்டும். தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது கோவில் தர்மகர்த்தா ராமலிங்கம் கேட்டார். முறைக்கு மாமா, வாயைத் திறந்தால் கிண்டல்.

"ஏன் மாப்ள, கடலோரம் கொட்டா வெச்சினு வெள்ளக்காரன் கணக்கா ஒக்காந்துனு கீறியே, நம்ம அம்மன் ரெண்டு மணி நேரம் அங்க எறங்கி எளப்பாறினா உன் கொட்டா ஒடஞ்சிடுமா? மண்டகப்படி உன்னுதுன்னா பரிவட்டமும் உன—"

"சரி மாமா," என்றார் தணிகாசலம், அவர் முடிப்பதற்குள்.

அம்மன் எந்த வீட்டில் இறங்குகிறதோ, அந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் அங்கே முதல் மரியாதை. அது பச்சைவாழியம்மன் கோவில் வழக்கம். பெரிய வீடோ கீற்றுக் கொட்டகையோ, வழக்கம் பார்ப்பதில்லை. ரோஜேவிடம் அவர் சொல்லவில்லை. மாசி மகம் இந்த வருடம் புதன்கிழமை. புதன்கிழமை எவன் வரப்போகிறான்?

ஒருவர் வரப்போகிறார் என்று தணிகாசலத்துக்கே தெரியும். பொங்கல் முடிந்த கையோடு பதிவு செய்தவர், கோயம்புத்தூர்க்காரர், மார்ச்சில் ஒரு செவ்வாயும் புதனும். தணிகாசலமே "வாங்க சார்" என்று பதில் போட்டிருந்தார். ஆனால் அவர் தலைக்குள் மாசி என்றால் பிப்ரவரி, மார்ச் என்றால் பங்குனி. சாமி காரியம் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் நடக்கும், பிழைப்பு செல்போனில் நடக்கும். இரண்டையும் அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. மாசியின் பின்பாதி மார்ச்சில்தான் வரும் என்பது, பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை செல்போன் மணியடித்தது. 'நாளை உங்கள் விருந்தினர் இளஞ்செழியன் வருகிறார்.'

"பாக்யம், நாளைக்கு ஒரு ஆள் வராரு."

"நாளான்னிக்கு அம்மன் வரா."

தணிகாசலம் செல்போனைக் கொண்டுபோய் சுவர் நாள்காட்டிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரே கொட்டாவ ரெண்டு பேருக்கு விட்டுட்டீங்களா?" என்றார் பாக்கியலட்சுமி. "அதுல ஒருத்தி சாமி!"

பதிவை ரத்து செய்யலாம். செய்தால் அடுத்த நொடி ரோஜேவின் செல்போனிலும் மணியடிக்கும். அம்மனை ரத்து செய்ய வழியே இல்லை, ஊரே டிராக்டருக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, இளஞ்செழியன் பதிவோடு எழுதியிருந்த குறிப்பைத் தணிகாசலம் இப்போதுதான் முழுசாகப் படித்தார். தான் பல் மருத்துவர் என்றும், நாள் முழுக்கக் காதுக்குள் மெஷின் சுற்றுகிறது என்றும், சத்தமே இல்லாத இடத்தில் ஒருநாள் தூங்க வேண்டும் என்றும் இருந்தது. அதற்குக் கீழே தணிகாசலத்தின் பதில்: 'வாங்க சார், பரிபூரண அமைதி.'

செவ்வாய் சாயங்காலம் டாக்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும், நீளமான தாடி, தூக்கமில்லாத கண். கடற்கரைப் பக்கம் சவுக்குக் கம்பு கட்டி வரிசை போட்டுக்கொண்டிருந்ததைக் காட்டி, "அது என்னங்க?" என்றார்.

"அது வருஷா வருஷம் கட்டுவாங்க சார்," என்றார் தணிகாசலம். அதில் பொய் எதுவும் இல்லை.

"காலைல ஆரோவில் போய்ட்டு வாங்களேன் சார். சீக்கிரமா போயிட்டீங்கன்னா நல்லா இருக்கும். நானே ஆட்டோ வெச்சுத் தரேன்."

"நான் எங்கயும் போறதா இல்லீங்க."

"படகுல போறீங்களா? சுண்ணாம்பாறு—"

"தூங்கப் போறேனுங்க," என்றார் டாக்டர். "பத்து மணி வரைக்கும் கதவைத் தட்டாதீங்க. தட்டினாலும் கேக்காது." பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். காதுக்கு அளவெடுத்துச் செய்த அடைப்பான்கள். இன்னொரு டப்பாவில் கண்ணாடி மாதிரி ஒன்று பல் வரிசை வடிவத்தில் இருந்தது. "தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கறேன். இதப் போட்டுக்கிட்டா தேயாது. ஊருக்கெல்லாம் பல் பாக்கறவன் பல்லு இந்த லட்சணம்."

தணிகாசலத்துக்கு உயிர் வந்தது. காது அடைத்திருந்தால் கடற்கரை ஒலிபெருக்கி கேட்காது. ஆனால் பம்பையும் உடுக்கையும் தாழ்வாரத்தில் ஏறி அடித்தால், பலகைத் தரை அதிர்ந்து கட்டிலே துள்ளும். உடனே வெளியே போய் ராமலிங்கத்துக்குப் போன் போட்டார்.

"மாமா, அம்மன் தாழ்வாரத்துல எறங்கட்டும், உள்ள வேணாம். தெருமுனைலேர்ந்து மேளம் கீளம் இல்லாம வர முடியுமா?"

"இன்னாத்துக்கு? அம்மன் இன்னா திருட்டுத்தனமாவா வரா?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். அடுத்து வந்ததை அவர் யோசித்துச் சொல்லவில்லை.

"உள்ள ஒருத்தர் மௌன விரதம் இருக்காரு மாமா. கோயமுத்தூர்லேர்ந்து வந்துகீறாரு. பெரிய மனுஷன்."

 ராமலிங்கத்தின் குரல் அடியோடு மாறிவிட்டது. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் பாத்துக்கறேன்."

புதன்கிழமை விடிந்ததிலிருந்து வைத்திக்குப்பத்தில் கூட்டம் கொள்ளவில்லை. படகுகளுக்கு நடுவிலெல்லாம் தலைகள். ஒவ்வொரு ஊர் சாமியும் தன் மேளம், தன் வெடி, தன் ஒலிபெருக்கியோடு வந்து இறங்கியது. தணிகாசலம் தலைக்குக் குளித்து, சரிகை வேட்டி கட்டி, முடியில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, நீர்மோர்ப் பானையோடு தாழ்வாரத்தில் காத்திருந்தார். பரிவட்டம் நழுவாமல் இருக்க எண்ணெயைக் கம்மியாக வைக்கச் சொல்லியிருந்தார் பாக்கியலட்சுமி. அவர் கேட்கவில்லை.

ஒன்பது மணி சுமாருக்கு ஊர் டிராக்டர் தெருமுனையில் நின்றது. மேளம் சட்டென்று அடங்கியது. அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே குதிகாலைத் தூக்கி நடந்து வந்தது. பம்பைக்காரர் பம்பையை வயிற்றோடு அணைத்திருந்தார். நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். பேசத் தொடங்கிய பிள்ளைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். மீன் கூடையோடு எதிரே வந்த ஒரு அம்மா நின்று பார்த்து, கூடையை இறக்கிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "யாருப்பா தவறிட்டாங்க?"

"ஷ்ஷ்," என்றது ஊர்.

தாழ்வாரத்தில் மரப்பலகை போட்டு அம்மனை இறக்கினார்கள், கதவைப் பார்த்தபடி. அலங்காரத்தைச் சரிசெய்தார்கள். பூசாரி மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஆட்டினார். கற்பூரம் ஏற்றியாயிற்று. ராமலிங்கம் பட்டுத்துணியை மடித்துக் கையில் எடுத்தார். தணிகாசலம் ஒரு அடி முன்னால் வந்து தலையைக் குனிந்தார்.

கதவு திறந்தது.

குடிலுக்கு வெளியே பக்கவாட்டில் இருக்கும் பாத்ரூமுக்குப் போக டாக்டர் எழுந்திருக்கிறார். இடுப்பில் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கலைந்த தாடி, சிவந்த கண். காதில் அடைப்பான், வாயில் பல்கவசம். கதவைத் திறந்தால், நேர் எதிரே, கண்ணுக்குக் கண்ணாகப் பச்சைவாழியம்மன். அம்மனுக்குப் பின்னால் இருநூறு பேர். ஒருவரும் மூச்சு விடவில்லை, பாதிப் பேர் உதட்டில் விரல் வைத்திருந்தார்கள்.

டாக்டர் கதவை மூடினார்.

மறுபடி திறந்தார். அம்மன் அங்கேயேதான் இருந்தது. அவர் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். என்ன இது என்று கேட்கத்தான் நினைத்தார், பல்கவசம் தடுத்து "ம்" என்பது மட்டும் வந்தது.

"பாத்தியா," என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள், "அம்மனே நேர்ல வந்தும் ஒரு வார்த்த பேசலயே. இது விரதம்!"

ராமலிங்கம் தணிகாசலத்தைத் தாண்டிப் போனார். வீட்டுக்குள்ளிருந்து வந்தவர், அதுவும் விரதக்காரர். வழக்கம் தெளிவாக இருந்தது. பட்டுத்துணி டாக்டர் தலையில் ஏறியது. அம்மன் கழுத்து மாலை டாக்டர் கழுத்துக்கு வந்தது. கற்பூரத் தட்டு முதலில் அவரிடம் நீண்டது.

"சொல்லுங்களேன்," என்றார் பாக்கியலட்சுமி, கணவர் காதுக்குள். "அவரு விரதம் இல்ல, நான்தான் பொய் சொன்னேன்னு."

"அம்மன் எதிர்லயா?"

"அம்மனுக்குத் தெரியாமலா சொன்னீங்க?"

அதற்குள் ஒரு தாய், கன்னம் வீங்கி அழுதுகொண்டிருந்த மகளை ஆசீர்வாதத்துக்கு நீட்டிவிட்டாள். டாக்டருக்கு அந்த இடத்தில் புரிந்த ஒரே விஷயம் அந்தக் கன்னம்தான். பழக்கத்தில் கட்டைவிரலால் பிள்ளையின் தாடையைத் தாழ்த்தி உள்ளே பார்த்தார். சொத்தைப் பல் இரண்டு. இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டே நாள்ல சரியாயிடுமாம்!" என்றாள் தாய், கண் கலங்கி. பின்னால் வரிசை கட்டிவிட்டது.

தணிகாசலம் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் தட்டு வந்தபோது சூடு மட்டும் இருந்தது.

அம்மன் கடலுக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், அடக்கி வைத்திருந்த பம்பை, உடுக்கை, வெடி எல்லாம் ஒன்றாக வெடித்தன. டாக்டர் பல்கவசத்தைக் கழற்றினார், அடைப்பானைக் கழற்றினார். பரிவட்டத்தைக் கழற்றவில்லை.

"என்னங்க இது?"

தணிகாசலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாசி, மார்ச், பொய், ஏஜென்சி எல்லாம். எதற்காக அம்மனுக்கு இடம் கொடுத்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் பொறுமையாகக் கேட்டார், இரண்டு சொம்பு மோர் குடித்தார், சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வியாழக்கிழமை காலை பரிவட்டத்தைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தணிகாசலம் செல்போனைத் தொடவே பயந்தார். பாக்கியலட்சுமிதான் எடுத்துப் பார்த்தார்.

"ஆறு மாசமா எனக்குக் கெடைக்காத தூக்கம்னு எழுதிகீறாரு. எழுப்பறதுக்கு சாமியே வந்துச்சாம். அமைதிக்கு அஞ்சு, மொத்தத்துக்கும் அஞ்சு. மதிப்பு ஏறிப்போச்சு. காப்பி குடிக்கறீங்களா?"

அரைமணியில் பிரான்சிலிருந்து போன் வந்தது. "முசியே தணி," என்றார் ரோஜே, "நான் வைத்திக்குப்பத்துலதான் பொறந்தேன். மாசி மகத்தன்னிக்கு அங்க அமைதிக்கு அஞ்சு ஸ்டாரா? எந்த ஊருக்காரன்கிட்ட கத விடறீங்க?"

தணிகாசலம் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னார். இந்த முறை பரிவட்டத்தையும் சேர்த்து. ரோஜே சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு கறாரான குரல் திரும்பி வந்தது. மதிப்பு நாலு புள்ளி எட்டுக்குக் கீழே போகாதவரை ஏஜென்சிப் பேச்சு இல்லை. ஆனால் கேட்காமல் யாரையும் இறக்கக் கூடாது, அம்மனாகவே இருந்தாலும் சரி.

"அடுத்த வருஷம் அந்த ரெண்டு நாளும் மூடி வெச்சுக்கலாமா சார்?"

"மூடறதா? அந்த வாடகைய உங்க மாமா குடுப்பாரா? உனக்கு வேணும்னா நீயே எடுத்துத் தங்கு. எல்லாரையும் போல பதிவு பண்ணிட்டு வா."

முசியே போய் ஒருமையில் இறங்கிவிட்டால் ரோஜே பிரியமாக இருக்கிறார் என்று அர்த்தம். அன்று சாயங்காலமே ராமலிங்கமும் கூப்பிட்டார். "மாப்ள, அந்த சாமியார் அடுத்த வருஷமும் வருவாராடா? ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க. அந்தப் பொண்ணுக்கு வீக்கம் வடிஞ்சு போச்சாம்."

"அவரு வரமாட்டாரு மாமா. வேற ஆள் இருப்பாங்க."

"யாரு?"

"வீட்ல இருக்கறவங்களுக்குத்தான மரியாத? இருக்கறவங்க இருப்பாங்க."

இத்தனை நாளில் அந்தக் கட்டிலில் தணிகாசலம் ஒரு இரவுகூடப் படுத்ததில்லை. அன்றைக்கே பஞ்சாங்கம் பார்க்கிறவரிடம் அடுத்த வருட மாசி மகம் எந்த ஆங்கிலத் தேதியில் வருகிறது என்று கேட்டு, இரண்டு முறை சரிபார்த்து, செல்போனை எடுத்தார். ஒரு வாரம் கழித்து டாக்டர் அதே தேதியைக் கேட்டு எழுதினார், மனைவி குழந்தைகளோடு வருவதாக. 'மன்னிக்கவும் சார், அந்த நாள் நிரம்பிவிட்டது, பங்குனியில் வாங்க' என்று பதில் போனது.

குடிலைப் பார்த்துக்கொள்பவர் தன் கணக்கிலிருந்து அதே குடிலைப் பதிவு செய்ய முடியாது என்று செல்போன் சொல்லிவிட்டதால், அடுத்த மாசி மகத்துக்கு அது பாக்கியலட்சுமியின் பெயரில் பதிவாகியிருக்கிறது.